வெற்றிக்கு மறுநாள்: 2007 ஆசியக் கிண்ணமும் ஈராக்கியப் பாராளுமன்றமும்

ஒரு நாட்டின் உதைபந்தாட்ட அணி பெருவெற்றி ஈட்டிய மறுநாள் அந்நாட்டுப் பாராளுமன்றம் கூடுமாயின், அங்கு நிகழக்கூடியதை ஓரளவு முன்கூட்டியே கூறிவிடலாம். ஆளுங்கட்சியினர் அவ்வெற்றியைத் தம் ஆட்சியின் பேறெனக் காட்ட முனைவர்; எதிர்க்கட்சியினரோ ஆட்சியின் குறைகளையும் மீறிக் கிடைத்த பேறு அதுவென்பர். வீரர்களுக்குப் பரிசுத்தொகை போதுமா, மைதானங்களுக்கு நிதி ஒதுக்கப்பட்டதா என்ற வினாக்கள் எழும். மேசைகள் தட்டப்படும். எனினும் அன்றொரு நாளைக்கேனும் சபை முழுவதும் ஒரே பொருளைப் பற்றி ஏறக்குறைய ஒரே குரலிற் பேசும். பாராளுமன்ற வாழ்வில் அரிதாகக் கிட்டும் இத்தகைய நாட்களை வரலாற்று மாணவர் வெறும் கேளிக்கையாகத் தள்ளிவிடுவது பொருத்தமன்று.

2007 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, ஜகார்த்தா நகரின் மைதானத்தில் ஈராக்கிய அணி சவூதி அரேபியாவை 1-0 என்ற கணக்கில் வென்று ஆசியக் கிண்ணத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. மறுநாள் திங்கட்கிழமை, பக்தாத்தில் ஈராக்கின் பிரதிநிதிகள் சபை கூடியது. மேற்கூறிய காட்சிகள் நிகழ்வதற்கு இதனினும் பொருத்தமான நாள் வாய்த்திருக்க முடியாது. ஆனால் அன்று நடந்தது வேறு. ஏறக்குறைய மூன்று மணி நேரம் நீடித்த அமர்வை, சபையின் கூட்டநடப்பெண்ணுக்கு வேண்டிய உறுப்பினர்கள்கூட இல்லாத நிலையில், சபாநாயகர் மஹ்மூத் அல் மஷ்ஹதானி முடித்துவைத்தார். சபை செப்டெம்பர் 4 ஆம் திகதி வரை ஒத்திவைக்கப்பட்டது. வீதியெல்லாம் ஆரவாரம், சபையிலோ வெற்று ஆசனங்கள்.

இம்முரண்பாட்டை உலகப் பத்திரிகைகள் அந்நாட்களில் ஒரே வாய்பாட்டினால் விளக்கிவிட்டன: உதைபந்தாட்டம் இணைத்த மக்களை அரசியல்வாதிகள் பிரித்தனர் என்பதே அவ்வாய்பாடு. கேட்பதற்கு இனிதாயிருப்பினும் இவ்விளக்கம் போதியதன்று என்பது என் கருத்து. அணியால் இயன்றது சபையால் ஏன் இயலவில்லை என்று கேட்பதற்கு முன்னர், இரண்டின் தொழிலும் ஒன்றுதானா என்று கேட்டல் வேண்டும்.

ஈராக் என்னும் அரசு, முதலாம் உலகப் போரின் பின்னர், உதுமானியப் பேரரசின் மொசுல், பக்தாத், பஸ்ரா ஆகிய மூன்று மாகாணங்களை ஒன்றாக்கிப் பிரித்தானியர் அமைத்ததாகும். 1925 முதல் 1958 இல் மன்னராட்சி வீழ்த்தப்படும் வரை அங்கு ஒரு பாராளுமன்றம் இயங்கிற்று. அதன் பின்வந்த இராணுவ ஆட்சிகளிலும் பாத் கட்சியின் நீண்ட ஆட்சியிலும் சபை என்ற பெயர் இருந்த காலங்களில்கூட அதற்குரிய சுதந்திரம் இருந்ததில்லை. 2003 இல் ஐக்கிய அமெரிக்கப் படைகள் சதாம் ஹுசெய்னின் ஆட்சியை வீழ்த்திய பின்னர், அவ்வாண்டு ஜூலையில் ஆளும் பேரவையொன்று நியமிக்கப்பட்டது. அதன் 25 உறுப்பினர்களுள் 13 பேர் ஷியாக்கள், 5 பேர் சுன்னி அராபியர், 5 பேர் குர்தியர், ஒருவர் துர்க்மானியர், ஒருவர் அசீரியக் கிறித்தவர். ஒவ்வோர் ஆசனத்திலும் ஒரு மனிதரன்றி ஒரு சமூகமே அமர்த்தப்பட்டது. ஈராக்கியர் இம்முறையை ‘முஹாசசா’, அதாவது பங்கீடு, என அழைக்கலாயினர். பிரதமர் ஷியாவாகவும், சனாதிபதி குர்தியராகவும், சபாநாயகர் சுன்னியாகவும் இருத்தல் வேண்டுமென்ற வழக்கம் அரசியலமைப்பில் எழுதப்படாமலே வேரூன்றிவிட்டது.

2005 டிசெம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் 275 ஆசனங்களுக்கான வாக்களிப்பு மூடிய பட்டியல் முறையில் நிகழ்ந்தது. வாக்காளர் கட்சிப் பட்டியலுக்கு மட்டுமே வாக்களிக்கலாம். பட்டியலுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்ய இயலாது. ஷியாக் கட்சிகளின் ஐக்கிய ஈராக்கியக் கூட்டணி 128 ஆசனங்களையும், குர்திஸ்தான் கூட்டணி 53 ஆசனங்களையும், சுன்னிகளின் இணக்க முன்னணி 44 ஆசனங்களையும் பெற்றன. சமயச் சார்பற்ற ஈராக்கியப் பட்டியலுக்கு 25 ஆசனங்களே கிட்டின. எந்தவொரு கட்சித் தலைமையும் தன் சமூகத்துக்கு வெளியே வாக்குத் தேடவேண்டிய அவசியம் இத்தேர்தல் முறையில் இருக்கவில்லை. அடுத்த சமூகத்தினரோடு இணங்கிப்போகும் உறுப்பினருக்கு அதனாற் கிடைக்கும் வாக்கு எதுவுமில்லை. இழக்கக்கூடிய இடமோ பட்டியலில் உண்டு.

அடுத்த ஆண்டு பெப்ரவரி 22 ஆம் திகதி சாமர்ரா நகரின் அல் அஸ்கரி பள்ளிவாசல் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதைத் தொடர்ந்து ஷியா-சுன்னிக் கொலைகள் தலைநகரின் அன்றாட நிகழ்ச்சியாயின. 2006 இல் மட்டும் 34,452 குடிமக்கள் கொல்லப்பட்டனர் என ஐக்கிய நாடுகள் தூதுக்குழு கணக்கிட்டது. பல்லின மக்கள் கலந்து வாழ்ந்த பக்தாத்தின் சுற்றுப்புறங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சமூகத்துக்குரியனவாக மாறின. பலத்த காவலுள்ள பசுமை வலயத்துக்குள் கூடிய பாராளுமன்றத்தையும் வன்முறை விட்டுவைக்கவில்லை. 2007 ஏப்ரல் 12 ஆம் திகதி அதன் சிற்றுண்டிச்சாலையில் தற்கொலைக் குண்டுதாரியொருவன் வெடித்ததில் உறுப்பினரொருவர் உயிரிழந்தார். ஜூன் மாதத்தில், சபாநாயகரின் மெய்க்காப்பாளர்கள் உறுப்பினரொருவரைத் தாக்கினர் என்ற சர்ச்சையில், சபாநாயகரை நீக்குமாறு சபை வாக்களித்தது. அதனை எதிர்த்து இணக்க முன்னணி சபையைப் பகிஷ்கரித்தது. சாமர்ராப் பள்ளிவாசல் இரண்டாம் முறை தாக்கப்பட்டதும் சதர் அணியினரும் வெளியேறினர். இரு சாராரும் ஜூலை நடுப்பகுதியிலேதான் திரும்பிவந்தனர். ஜகார்த்தா வெற்றிக்கு முந்திய வாரங்களில் சபையின் நிலை இதுவாகும்.

இனி, அணியின் கதையை நோக்குவோம். ஈராக்கிய உதைபந்தாட்டத்துக்கு அரசியலின் கை புதியதன்று. சதாமின் மூத்த மகன் உதய் 1980 களின் நடுப்பகுதி முதல் ஒலிம்பிக் குழுவையும் உதைபந்தாட்டச் சங்கத்தையும் தன் ஆதிக்கத்தில் வைத்திருந்தான். தோற்றுத் திரும்பிய வீரர்கள் அடைக்கப்பட்டதும் அடிக்கப்பட்டதும் பின்னர் அவர்கள் வாயாலேயே வெளிவந்தன. அந்நிலை ஒழிந்த பின்னரும் வெற்றியைத் தமதாக்கிக்கொள்ள விரும்பியோர் குறையவில்லை. 2004 இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் போட்டியில் ஈராக்கிய அணி போர்த்துக்கலை 4-2 என வென்று நான்காம் இடத்தைப் பெற்றபோது, அமெரிக்க சனாதிபதி புஷ்ஷின் தேர்தற் பிரசார விளம்பரமொன்றில் ஈராக்கின் பெயர் பயன்படுத்தப்பட்டது. வீரர்கள் வெளிப்படையாகச் சினந்தனர். தாம் யாருடைய தேர்தலுக்காகவும் ஆடவில்லை என்ற உணர்வு அச்சினத்தில் இருந்தது. 2006 ஜூலையில் ஒலிம்பிக் குழுத் தலைவர் பக்தாத்தில் நடந்த கூட்டமொன்றிலிருந்தே கடத்திச் செல்லப்பட்டார்.

இத்தகைய நாட்டின் அணி தன் சொந்த மண்ணில் ஆட முடியாதிருந்ததில் வியப்பில்லை. பயிற்சி ஜோர்தானில், ‘சொந்த மைதான’ ஆட்டங்கள் அயல்நாடுகளில், வீரர்களிற் பலர் வளைகுடா நாடுகளின் கழகங்களில். பிறேசில் நாட்டவரான ஜோர்வன் வியெய்ரா 2007 மே மாதத்திலேதான் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். கிண்ணப் போட்டிக்கு இரண்டு மாதங்களே இருந்தன. அணியினருட் பலர் நெருங்கிய உறவினரை வன்முறைக்குப் பறிகொடுத்தவர்கள். அணியின் உடற்சிகிச்சையாளர் போட்டிக்குப் புறப்படுமுன் பக்தாத்தில் நிகழ்ந்த குண்டுவெடிப்பிற் கொல்லப்பட்டார்.

பாங்கொக்கில் நடந்த முதற்சுற்றில் தாய்லாந்துடன் 1-1 என்ற சமநிலை. அடுத்து, கிண்ணத்தை வெல்லக்கூடும் எனக் கருதப்பட்ட அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 3-1 வெற்றி. ஓமானுடன் கோலின்றிச் சமநிலை. காலிறுதியில் வியட்நாமை 2-0 என வென்றனர். ஜூலை 25 ஆம் திகதி கோலாலம்பூரில் தென்கொரியாவுடன் நடந்த அரையிறுதி கோலின்றி முடிய, தண்ட உதைகளில் 4-3 என ஈராக் வென்றது.

இந்த ஜூலை 25 ஆம் திகதியைச் சற்று நிதானித்து நோக்குதல் வேண்டும். இவ்வரலாறு முழுவதும் ஒரு நாளுக்குள் அடங்கிக் கிடப்பதை அங்கே காணலாம். அன்று மாலை வெற்றியைக் கொண்டாட வீதிக்கு வந்த மக்களிடையே பக்தாத்தின் இரு இடங்களில் வாகனக் குண்டுகள் வெடித்தன. மன்சூர்ப் பகுதியில் ஐஸ்கிறீம் கடையொன்றருகே ஒன்று. நகரின் கிழக்கே இராணுவச் சோதனைச் சாவடியருகே மற்றொன்று. ஏறக்குறைய ஐம்பது பேர் மாண்டனர். குண்டுக்கு இலக்கானவர் எச்சமூகத்தவர் என்று குண்டு வைத்தவர்கள் இம்முறை பார்க்கவில்லை. சேர்ந்து மகிழ்ந்ததே குற்றமாயிற்று. அதே நாளிலேதான் இணக்க முன்னணி அமைச்சரவையில் தன் பங்கேற்பை இடைநிறுத்தி, தன் கோரிக்கைகளை நிறைவேற்றப் பிரதமர் நூரி அல் மாலிகிக்கு ஒரு வாரத் தவணை கொடுத்தது. தடுத்து வைக்கப்பட்டோரின் விடுதலை, ஆயுதக் குழுக்களின் கலைப்பு, பாதுகாப்பு விடயங்களில் உண்மையான பங்கு என்பன அக்கோரிக்கைகளுட் சில. அவற்றை வெறும் பதவி ஆசையென ஒதுக்கிவிட முடியாது. தம் சமூகத்து இளைஞர் விசாரணையின்றிச் சிறைகளில் நிறைந்திருக்கையில் அதனைப் பேசாத ஒரு கட்சி சபையில் இருந்து பயன் யாது?

குண்டுவெடிப்புச் செய்தி கேட்ட வீரர்கள் இறுதியாட்டத்தில் ஆடாது விலகிவிடலாமா என்றுகூட எண்ணினர். குண்டில் தன் மகனை இழந்த தாயொருத்தி, கிண்ணம் வெல்லப்படும் வரை அவனை அடக்கம் செய்யப்போவதில்லை எனக் கூறியதைத் தொலைக்காட்சியிற் கண்ட பின்னரே ஆடுவதென முடிவுசெய்ததாக அணித்தலைவர் யூனிஸ் மஹ்மூத் பின்னர் தெரிவித்தார்.

இறுதியாட்டத்தின் இரண்டாம் பாதியில், குர்தியரான ஹவார் முல்லா முஹம்மத் மூலையிலிருந்து உதைத்த பந்தை, சுன்னியான யூனிஸ் மஹ்மூத் தலையால் முட்டிக் கோலாக்கினார். மறுமுனையில் ஷியாவான நூர் சப்ரி கோலைக் காத்து நின்றார். பத்திரிகைகள் இதனைச் சலிக்காது எடுத்துக்கூறின. பக்தாத்தில் குண்டுகளுக்கு அஞ்சி வாகனப் போக்குவரத்து தடைசெய்யப்பட்டிருந்தது; மக்கள் நடந்தே வீதிகளை நிறைத்தனர். மகிழ்ச்சியில் வானை நோக்கிச் சுட்ட வேட்டுகள் மீண்டு விழுந்தும் சிலர் இறந்தனர். வடக்கே எர்பில், சுலைமானியா முதலிய குர்திய நகரங்களில் ஈராக்கியக் கொடி ஏந்திய இளைஞர் வீதியில் ஆடினர். இதன் பொருளை உணர்வதற்கு ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். 2006 செப்டெம்பரிலேதான் குர்திஸ்தான் பிராந்தியத் தலைவர் மசூத் பர்சானி அரசாங்கக் கட்டடங்களில் அக்கொடியை ஏற்றலாகாது எனக் கட்டளையிட்டிருந்தார். அக்கொடியின் மூன்று நட்சத்திரங்கள் குர்தியருக்குப் பாத் கட்சியையும், அதன் ஆட்சியில் அழிக்கப்பட்ட ஊர்களையும் நினைவூட்டின. தலைவர் இறக்கிய கொடியை ஓர் இரவுக்குப் பிள்ளைகள் ஏற்றினர்.

விடிந்தது திங்கட்கிழமை. சபை கூடியது. சாதாரண ஆண்டுகளில் ஜூலை, ஆகஸ்ட் ஆகிய இரு மாதங்களும் சபையின் விடுமுறையாகும். அமெரிக்காவின் அழுத்தத்தினால் ஜூலை முழுவதும் கூட்டத்தொடர் நீடிக்கப்பட்டிருந்தது. எண்ணெய் வருமானப் பங்கீடு, பாத் கட்சியினருக்கு எதிரான தடைகளைத் தளர்த்தல், மாகாணத் தேர்தல் என்பவை தொடர்பான சட்டங்களை அக்கால எல்லைக்குள் நிறைவேற்ற வேண்டுமென வாஷிங்டன் எதிர்பார்த்தது. செப்டெம்பரில் அமெரிக்கத் தளபதியும் தூதுவரும் காங்கிரசுக்கு அறிக்கை சமர்ப்பிக்க வேண்டியிருந்தமை அந்த எதிர்பார்ப்புக்கு ஒரு காரணம். ஆனால் ஜூலை 30 ஆம் திகதி சபையின் முன் அச்சட்டங்களுள் எதுவும் வந்திருக்கவில்லை. எண்ணெய்ச் சட்டவரைவை அமைச்சரவை பெப்ரவரியிலேயே அங்கீகரித்திருந்தும், கட்சித் தலைவர்களிடையே உடன்பாடில்லாமையால் அது சபையை எட்டவில்லை. எங்களிடம் விவாதிக்க எதுவும் அனுப்பப்படவில்லை. ஆகவே காத்திருப்பதிற் பயனில்லை என்பதே முக்கிய உறுப்பினர்கள் கூறிய நியாயம்.

வெளிநாட்டுப் போர்வீரர் தம் நாட்டில் மடிந்துகொண்டிருக்க ஈராக்கிய உறுப்பினர்கள் விடுமுறை போவதா என்று அமெரிக்க அரசியல்வாதிகள் பலர் கடிந்துரைத்தனர். (அவ்வாறு கடிந்துரைத்தவர்களின் காங்கிரசும் ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதத்தில் விடுமுறை எடுப்பதே வழக்கம்.) இக்கண்டனம் இலக்குத் தவறியது என்பேன். சபை வெறுமையாயிருந்தது உறுப்பினர்களின் சோம்பலினால் மட்டுமன்று. முடிவுகள் சபைக்கு வெளியே, ஐந்தாறு தலைவர்களின் வரவேற்பறைகளில் எடுக்கப்பட்டன என்பதே அதற்கு மூலகாரணம். பட்டியல் முறையினாலே தெரிவான உறுப்பினர் தலைவரின் முடிவு வரும் வரை கையுயர்த்த இயலாதவர். அத்தகைய சபைக்கு வெற்றியாரவாரம் வந்தாலும் அதனை ஏந்திக்கொள்ளக் கைகள் இல்லை.

ஆகஸ்ட் 1 ஆம் திகதி இணக்க முன்னணியின் தவணை முடிந்தது. வெற்றி கிட்டி மூன்று நாட்களே ஆகியிருந்த நிலையில், அம்முன்னணியைச் சேர்ந்த உதவிப் பிரதமரும் ஐந்து அமைச்சர்களும் பதவி துறந்தனர். சதர் அணியின் ஆறு அமைச்சர்கள் ஏப்ரலிலேயே வெளியேறியிருந்தனர். ஆகஸ்ட் 3 ஆம் திகதி அணியினர் பக்தாத்துக்கு வந்து பசுமை வலயத்துக்குள் பிரதமரால் வரவேற்கப்பட்டனர். வீரர் ஒவ்வொருவருக்கும் 10,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் வெற்றிக் கோலை இட்ட அணித்தலைவர் அவ்விழாவுக்கு வரவில்லை. நாடு திரும்பினால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்பதை ஜகார்த்தாவிலேயே அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அமெரிக்கப் படைகள் தம் நாட்டைவிட்டு வெளியேற வேண்டுமென்பதையும் அங்கேயே சொன்னார். கிண்ணம் வந்த ஊருக்கு அதனை வென்றவர் வர முடியவில்லை. சுவர்களால் அடைக்கப்பட்ட வலயத்துக்குள் நடந்த அவ்வரவேற்பை, அவ்வெற்றிக்காக வீதியில் இறங்கிய பொதுமக்களிற் பெரும்பாலோர் தொலைக்காட்சியிலேதான் காண முடிந்தது.

இனி, முன்னர் எழுப்பிய வினாவுக்கு வருவோம். அணியில் எல்லாச் சமூகத்தவரும் இருந்தனர். சபையிலும் எல்லாச் சமூகத்தவரும் இருந்தனர். ஆயின் இரண்டிலும் அவர்கள் இருந்த முறை வேறு. ஹவார் முல்லா முஹம்மத் குர்தியரின் பங்கைப் பெறுவதற்காக அணியிற் சேர்க்கப்பட்டவர் அல்லர். மூலையிலிருந்து நன்றாகப் பந்து உதைக்கக்கூடியவர் என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர். சபையிலோ ஒருவர் குர்தியர் என்பதே அவர் அங்கிருப்பதற்கான நியாயம். இவ்வேறுபாட்டைப் பலரும் கண்டுள்ளனர். ஆனால் இதனினும் ஆழமான வேறுபாடொன்று உண்டு. கோல் என்பது பங்கிட முடியாத பொருள். அது விழுந்த கணத்தில் பஸ்ராவில் இருப்பவனுக்கும் எர்பிலில் இருப்பவனுக்கும் முழுமையாகவே கிடைக்கிறது. ஒருவனுக்கு அதிகம் கிடைத்தமையால் மற்றவனுக்குக் குறைவதில்லை. எண்ணெயோ, வரவுசெலவுத் திட்டமோ, பதவியோ அத்தகையன அல்ல. ஒரு மாகாணத்துக்குக் கொடுத்த தினார் இன்னொரு மாகாணத்துக்குக் கிடையாது. பங்கிட வேண்டியவற்றைப் பங்கிடுவதற்காகவே பாராளுமன்றங்கள் உள்ளன. பங்கிட வேண்டாத பொருளைக் கண்டு மகிழ்ந்த மக்கள், பங்கீட்டுக்காகச் சண்டையிடும் சபையைப் பார்த்து, நீங்களும் அவ்வாறு மகிழக்கூடாதா என்று கேட்பது இயல்பே. அது நியாயமான ஏக்கம். ஆனால் சபையின் தொழில் அதுவன்று.

அரசியல்வாதிகள் தாமே பந்தாடினால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. லெபனானில் உள்நாட்டுப் போர் தொடங்கிய ஆண்டுநிறைவான ஏப்ரல் 13 ஆம் திகதி, 2010 இல், பல கட்சிகளைச் சேர்ந்த அமைச்சர்களும் பாராளுமன்ற உறுப்பினர்களும் பெய்ரூத் மைதானத்தில் ஒற்றுமைக்காக உதைபந்தாடினர். ரசிகர்கள் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. மக்கள் மோதிக்கொள்வர் என்ற அச்சத்தினால் ஒற்றுமை ஆட்டம் வெற்று அரங்கில் நடந்தது.

ஈராக்கியச் சபையில் உண்மையான உயிர்ப்பு 2007 ஜூலையிற் காணப்படவில்லை. ஆறு மாதம் கழித்தே அது காணப்பட்டது. 2008 ஜனவரி 12 ஆம் திகதி பாத் கட்சியினர் பற்றிய புதிய சட்டம் நிறைவேறிற்று. ஜனவரி 22 ஆம் திகதி தேசியக் கொடி பற்றிய விவாதம் வந்தது. கொடியும் கோலைப் போன்று பங்கிட முடியாத பொருளே. ஆனால் இங்கு மகிழ்ச்சிக்குப் பதில் கசப்பே பொதுவாயிருந்தது. மூன்று நட்சத்திரங்களையும் நீக்குவது, ‘அல்லாஹு அக்பர்’ என்ற சொற்களைக் கூபி எழுத்தில் நிலைநிறுத்துவது, இவ்வடிவம் ஓராண்டுக்கு மட்டுமே செல்லுபடியாவது என்பன ஏற்றுக்கொள்ளப்பட்டன. அரபு நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் எர்பிலில் கூடவிருந்தமையால், அங்கு ஏற்றத்தக்க கொடியொன்று அவசரமாக வேண்டியிருந்தமையே இவ்விணக்கத்துக்கு உடனடிக் காரணம். சுன்னிகள் பெரும்பான்மையாக வாழும் அன்பார் மாகாணத்தில் எதிர்ப்பெழுந்தது. யூனிஸ் மஹ்மூத்தும் தோழர்களும் ஜகார்த்தாவில் தோளிற் போர்த்திய கொடி இவ்வாறு ஆறு மாதத்துக்குள் பழைய கொடியாகிவிட்டது. ஓராண்டுக்கென வந்த புதிய கொடி அவ்வோராண்டையும் கடந்து நிலைத்துவிட்டது.

அடுத்த மாதம் நடந்ததே பாராளுமன்ற வரலாற்று மாணவருக்குப் பெரிதும் பயன்தரும் நிகழ்ச்சியாகும். அப்பொழுது சபைமுன் மூன்று சட்டவரைவுகள் இருந்தன. வரவுசெலவுத் திட்டம், அதில் தமக்குரிய 17 சதவீதப் பங்கு குறைந்துவிடக்கூடாதென்பது குர்தியரின் கவலை. பொது மன்னிப்புச் சட்டம். சிறைகளில் இருந்தோரிற் பெரும்பாலோர் சுன்னிகளாதலால் அது இணக்க முன்னணியின் கோரிக்கை. மாகாண அதிகாரச் சட்டம். தெற்கின் மாகாணத் தேர்தல்களை விரைவிற் காண விரும்பிய சதர் அணியினருக்கு அது முதன்மையானது. எதனை முதலில் வாக்கெடுப்புக்கு விடுவது? முதலில் தன் பங்கைப் பெற்றவர், மற்றவருக்கு வாக்களிக்காமலே வெளியேறிவிடுவார் என்று ஒவ்வொரு சாராரும் அஞ்சினர். நாள்தோறும் வெளிநடப்பு, நாள்தோறும் கூச்சல். பெப்ரவரி 12 ஆம் திகதி, சபையைக் கலைக்க வேண்டிவரும் எனச் சபாநாயகர் எச்சரித்தார். மறுநாள் அவர்கள் கண்ட வழி எளியது: மூன்று சட்டங்களையும் ஒன்றாக இணைத்து ஒரே வாக்கெடுப்புக்கு விட்டனர். வேண்டுமானால் மூன்றும் வேண்டும். வேண்டாமெனில் மூன்றும் வேண்டாம். மூன்றும் நிறைவேறின.

இதனைப் பேரம் என்று சிலர் இகழ்ந்தனர். பேரந்தான். ஆயினும் நம்பிக்கை சிறிதும் இல்லாத மனிதர்கள், பங்கிட வேண்டிய மூன்று பொருள்களை ஒன்றாகக் கட்டி, பங்கிட முடியாத ஒரு பொருளாக்கிய விதத்தை அதிற் காணலாம். ஒருவர் வெல்லாது மற்றவர் வெல்ல முடியாத நிலையை அணிக்கு ஆட்டவிதிகளே அமைத்துக் கொடுத்தன. சபையோ அந்நிலையைத் தானே, சண்டையிட்டுச் சண்டையிட்டு, உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜூலையின் மகிழ்ச்சி சாதிக்காததைப் பெப்ரவரியின் அவநம்பிக்கை சாதித்தது. இதன் குறையையும் மறைக்கலாகாது. ஒவ்வொருவரும் தம் சட்டத்தைப் பெற்றனர். மூன்றும் சேர்ந்த முழுமைக்கு உரியவர் எவருமில்லை. அதனாலேயே மாகாணச் சட்டத்தைச் சனாதிபதிப் பேரவை சில நாட்களில் நிராகரித்தபோது, அதற்காகக் குரல்கொடுக்க வேண்டிய கூட்டு நிலைக்கவில்லை. மார்ச் மாதத்தில் அந்நிராகரிப்பு மீளப்பெறப்பட்டது. மாகாணத் தேர்தல் 2009 ஜனவரி 31 ஆம் திகதி நடைபெற்றது. எண்ணெய்ச் சட்டமோ கட்டுக்குள் அடங்கவில்லை. பின்வந்த பாராளுமன்றங்களும் அதனை நிறைவேற்றவில்லை.

உதைபந்தாட்டமும் அரசின் கையிலிருந்து தப்பவில்லை. கிண்ணம் வென்று பத்து மாதங்களுக்குள், 2008 மே மாதத்தில், அரசாங்கம் ஒலிம்பிக் குழுவையும் விளையாட்டுச் சங்கங்களையும் கலைத்தது. அரசியற் தலையீடு எனக் கூறிச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் ஈராக்கை இடைநிறுத்தியது. சில நாட்களில் நிபந்தனையுடன் தடை தளர்ந்தது. ஜூன் மாதத்தில் கட்டார் அணியிடம் 0-1 எனத் தோற்று, 2010 உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியிலிருந்து ஆசிய வீரர்கள் வெளியேறினர்.

2009 ஜூலையில், பல ஆண்டுகளின் பின்னர், ஈராக்கிய அணி தன் சொந்த மண்ணில் ஒரு சர்வதேச ஆட்டம் ஆடியது. எதிரணி பலஸ்தீனம். முதல் ஆட்டத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட நகரம் பக்தாத் அன்று, எர்பில்; பக்தாத்தின் முறை சில நாட்கள் கழித்தே வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அரசாங்கக் கட்டடங்களில் ஈராக்கியக் கொடி இறக்கப்பட்ட அந்நகரில், அன்று நாட்டின் அணி நட்சத்திரங்களற்ற கொடியின் கீழ் ஆடியது.